பையைக் கீழே வை!

மணாலிக்குப் பக்கத்தில் இருக்கிற சோலாங் பள்ளத்தாக்கில், எந்த மே மாதத்தில் போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு தமிழ்க் குடும்பம் வேனிலிருந்து இறங்கும். தாத்தா முதல் பேரன் வரை பத்துப் பேர். மேலே பச்சைச் சரிவிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பாராகிளைடர்கள் ஒவ்வொன்றாக எழும்பி, தேவதாரு மரங்களுக்கு மேலே வட்டமடித்து இறங்கிக்கொண்டிருக்கும். யார் யார் பறப்பது என்று பேச்சு ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் ஒருவர் புல்தரையில் உட்கார்ந்துவிடுவார். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். பத்துப் பேருடைய கைப்பை, ஸ்வெட்டர், செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவரைச் சுற்றிக் குவிந்துவிடும். மற்றவர்கள் மேலே போவார்கள், அலறுவார்கள், சிரிப்பார்கள், முகம் சிவந்து இறங்கி வருவார்கள். அவர் எல்லோரையும் செல்போனில் படம் எடுத்துத் தருவார். எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார்.

தம்பி, தங்கச்சி, அந்த ஆளோடுதான் இன்றைக்கு எனக்குப் பேச்சு. அது நீயாக இருந்தால் நிமிர்ந்து உட்கார். மூவாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, கையிலிருந்த காசைச் செலவழித்து, இமயமலையின் காலடிக்கு வந்து நின்ற பிறகும் பைக்குக் காவல் இருக்கிற மனதை உனக்கு யார் கொடுத்தது? உண்மையைச் சொல், இது மலைக்கு வந்த பிறகு வந்த பழக்கமா? கல்லூரி மேடையில் பேச ஆள் கேட்டபோதும் நீ பின்வரிசையில்தானே இருந்தாய்? நேர்காணலுக்கு நண்பனைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே காத்திருந்தவனும் நீதானே? "அதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று எத்தனை தடவை உன் வாயாலேயே உன் பெயரை அடித்திருக்கிறாய்!

போதும். பையைக் கீழே வை.

"இமயமலை என்றால் சும்மாவா? மூச்சு முட்டும், ஆக்சிஜன் இருக்காது" என்பாய். கணக்கைப் பார். மணாலி ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். ஊட்டியில் நின்று வர்க்கி வாங்கித் தின்றாயே, அன்றைக்கே நீ மணாலியைவிட உயரத்தில்தான் நின்றிருந்தாய்! உன் நுரையீரல் அப்போதே தேறிவிட்டது. தேறாதது உன் மனது. பார்க்காத இடத்தைப் பூதமாக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பூதத்துக்கு நீயே தினமும் சோறு போடுகிறாய்.

முதலில் கோயிலுக்கு வா. டூங்ரி என்கிற தேவதாருக் காட்டுக்குள் ஹடிம்பா தேவி கோயில் இருக்கிறது. 1553இல் குலு அரசர் பகதூர் சிங் கட்டியது. நம் ஊர்க் கற்கோபுரம் மாதிரி இருக்காது. மரத்தால் அடுக்கடுக்காகக் கூரை வேய்ந்து, நான்கு நிலையாக 24 மீட்டர் உயரம் எழும்புகிறது. சுவரில் விலங்குகளின் கொம்புகள் மாட்டியிருக்கும். வாசற்காலில் விலங்கும் கொடியும் தெய்வமுமாக உளி விளையாடியிருக்கும். வாசலோ குட்டை, குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே ஒரு பெரும்பாறை. அதனடியில் தேவியின் பாதத்தடம்.

யார் இந்த தேவி? மகாபாரதம் கேட்டு வளர்ந்த உனக்கு இடும்பியைத் தெரியும். காட்டு அரக்கி. அண்ணன் இடும்பன், பாண்டவர்களைப் பிடித்து வா, தின்போம் என்று அனுப்புகிறான். போன இடத்தில் பீமனைப் பார்க்கிறாள், மனம் மாறுகிறாள். யோசித்துப் பார் தங்கச்சி, அந்த இடத்தில் அவளுக்கு எத்தனை தடை! பிறப்பு தடை, குலம் தடை, அண்ணன் தடை. எதிரே நிற்பவனோ அரச குலம். "நமக்கு ஒத்து வராது" என்று திரும்பிப் போயிருந்தால் கேட்பதற்கு ஆளே கிடையாது. அவள் போகவில்லை. நேராகக் குந்தியின் முன்னால் நின்று, உங்கள் மகனை எனக்கு மணமுடித்துக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டாள். கேட்டுப் பெற்றாள். பீமன் போன பிறகு மகன் கடோத்கசனைத் தனியாளாக வளர்த்தாள். கர்ணன் அர்ச்சுனனுக்கென்று பொத்திவைத்திருந்த சக்தி ஆயுதத்தைத் தன் நெஞ்சில் வாங்கிப் போரின் போக்கையே திருப்பியவன் அந்த மகன்.

அரக்கியாகப் பிறந்தவள் இன்றைக்குக் குலு மண்ணின் தெய்வம். அந்த அரச குடும்பமே அவளைப் பாட்டி என்றுதான் அழைக்கிறது. நாடெங்கும் தசரா முடிகிற விஜயதசமியன்று குலுவில் தசரா தொடங்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களின் தெய்வங்களெல்லாம் பல்லக்கில் வந்து கூடும். எத்தனை தெய்வம் வந்தாலும், மணாலியிலிருந்து ஹடிம்பா வந்து சேராமல் அந்த விழா தொடங்காது! "நீ இன்ன குலம், இன்ன ஊர், இன்ன மீடியத்தில் படித்தவன், உனக்கு இவ்வளவுதான்" என்று யாராவது உனக்கு அளவு குறித்து வைத்திருந்தால், இந்தக் குட்டை வாசலில் குனிந்து உள்ளே போய் அந்தப் பாதத்தடத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வா. உனக்கு முன்னால் அளவு குறிக்கப்பட்டவள் அவள்.

பியாஸ் ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் ஏறினால் வசிஷ்டர் பெயரிலேயே ஒரு கிராமம். கந்தக வாடையோடு கொதிப்பாக ஊற்றுநீர் வருகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கல்தொட்டி. குளிரில் விறைத்த உடம்பை அதில் இறக்கினால் எலும்பு வரைக்கும் சூடு ஏறும். பிள்ளைகளை எல்லாம் இழந்த துக்கத்தில் வசிஷ்டர் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இந்த ஆற்றில் குதித்தார் என்றும், ஆறு கட்டை அவிழ்த்து அவரைக் கரையில் கொண்டுவந்து போட்டது என்றும் பழங்கதை. ஞானியே நொறுங்கிப் போன இடம் இது. நொறுங்கியவர் மறுபடி எழுந்து வாழ்ந்த இடமும் இதுதான். தேர்வில் தோற்றுவிட்டேன், காதலில் தோற்றுவிட்டேன் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிற தம்பி, உன்னை நான் இங்கேதான் கூட்டிவர ஆசைப்படுகிறேன். அந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார். பிறகு பேசலாம்.

சரி, கடைவீதிக்கு வா. சிரிக்காதே! தன்னம்பிக்கைக்கு மணாலியின் மால் ரோட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

கடைக்காரர் உன்னை உட்கார வைப்பார். மூங்கில் மறைப்புக்குப் பின்னாலிருந்து சால்வை வரும். ஒன்றை விரிப்பார், இரண்டாவதை விரிப்பார், பேசிக்கொண்டே பத்து விரித்துவிடுவார். தரையெல்லாம் நிறம். உனக்குள் அப்போது என்ன நடக்கிறது? ஐயோ, இவ்வளவு விரித்துவிட்டாரே, வாங்காமல் எழுந்தால் என்ன நினைப்பார்! அந்தக் கூச்சத்திலேயே பணத்தை நீட்டிவிட்டு வெளியே வந்து புலம்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர். இன்னொரு கூட்டம், இந்தி தெரியாதே என்று பயந்து கடைக்குள்ளேயே நுழைவதில்லை.

அங்கே உட்கார்ந்து பழகு. "கித்னா?" என்று கேள். அந்த ஒரு சொல்லும் பத்து விரலும் போதும். துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார். அசல் குலு சால்வையில் நடுப்பகுதி பெரும்பாலும் ஒரே நிறத்தில் அடக்கமாக இருக்கும். இரண்டு முனைகளிலும்தான் கோணமும் கட்டமுமாகக் கரை சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் துள்ளும். கைத்தறி முத்திரை எங்கே என்று கேள். குலு சால்வைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தச் சீட்டைக் காட்டச் சொல். நூறு இருநூறு ரூபாய்க்குப் பஷ்மினா என்று ஒருவர் சத்தியம் செய்தால் புன்னகையோடு கேட்டுக்கொள், காசை எடுக்காதே. ஹடிம்பா கோயில் வழியில் அசல் குங்குமப்பூ என்று டப்பாவை நீட்டுகிறவருக்கும் இதே பதில்தான். பிடித்தால் பேரம் பேசி வாங்கு. பிடிக்கவில்லையா, கைகூப்பி, "நஹீ சாஹியே, பாய் சாப்" என்று சொல்லிவிட்டு எழுந்து வா. உலகம் இடிந்து விழாது. அவர் சால்வைகளை மடித்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அந்நிய ஊரில், அந்நிய மொழியில், முகத்துக்கு நேரே பணிவாக "வேண்டாம்" சொல்லிவிட்டு வெளியே வந்து நிற்கும்போது முதுகெலும்பு நேராவது உனக்கே தெரியும். இந்தப் பழக்கம் நாளைக்கு அலுவலகத்தில் உதவும். கல்யாணச் சந்தையில் இன்னும் அதிகமாக உதவும்.

வாங்குகிற துணிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அதையும் தெரிந்துகொண்டு வாங்கு. 1944இல் புட்டி என்ற கிராமத்தின் ஏழை நெசவாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பிற்பாடு தாகூர் வேத் ராம் என்பவர் அதைத் தோளில் சுமந்து வளர்த்தார். இன்றைக்கு 'புட்டிகோ' என்ற பெயர் பலகை ஊர் ஊராகத் தொங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் வாழ்க்கை சொகுசானது என்று நினைத்துவிடாதே. 2023 ஜூலையில் பியாஸ் பொங்கி நெடுஞ்சாலையைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போனது. சேற்றை வாரி வெளியே போட்டுவிட்டு மறுபடி கடை திறந்த மனிதர்களிடம்தான் நீ பேரம் பேசுகிறாய். நியாயமாகப் பேசு.

இனி சரிவுக்குப் போவோம். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உன்னை இழுத்து வந்தேன்.

பறப்பவருக்கு முதலில் உடம்பில் பட்டை கட்டுவார்கள். தொடை இரண்டிலும், இடுப்பில், மார்புக்குக் குறுக்கே. கொக்கிகள் டக், டக் என்று பூட்டிக்கொள்ளும். தலைக்கவசத்தின் வார் தாடையில் உறுத்தும். பின்னால் புல்லின்மேல் அந்த நீளத்துணி விரித்துக் கிடக்கும். அதிலிருந்து மெல்லிய கயிறுகள் ஓடி வந்து உன் தோளில் முடியும். முன்னால் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஒன்றுமில்லை, ஆகாயம்தான். உன் முதுகுக்குப் பின்னால் கட்டுண்டிருக்கும் பைலட் உன் காதருகே ஒரே கட்டளை போடுவார்: "பாகோ! பாகோ! ருக்னா நஹீ!" ஓடு, ஓடு, நிற்காதே!

நீ ஓடத் தொடங்குவாய். நாலு அடி வைத்ததும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல ஓர் இழுப்பு. இந்த இடத்தைக் கவனமாகக் கேள், தம்பி. இந்த இழுப்பில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். சிலர் பட்டையில் இருக்கை இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே முடிவு, இரண்டு பேரும் புல்லில் உருள வேண்டியதுதான். அந்த இழுப்பு எதனால் வந்தது? துணிக்குள் காற்று நுழைந்து அது இறக்கையாக மாறி மேலே எழும்புகிறது, அதனால் வந்தது. உன்னைத் தூக்கப்போகிற விசை, முதல் சில நொடிகள் உன்னைப் பின்னுக்கு இழுக்கிற விசையாகத்தான் தோன்றும். அப்போது முன்னால் சாய வேண்டும். முன்பைவிட வேகமாக ஓட வேண்டும். கால் தரையைத் தொடாமல் போன பிறகும் இன்னும் இரண்டு எட்டு காற்றில் ஓட வேண்டும். பிறகு பார்! பியாஸ் நதி வெள்ளி நூலாக உன் காலடியில் ஓடும்.

உன் தொழில் மூன்றாவது மாதமே கையைக் கடிக்கிறதா? புது வேலையில் ஒன்றும் புரியாமல் மூச்சுத் திணறுகிறதா? மேடையேறியதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? இழுப்பு வந்துவிட்டது என்றால் இறக்கை நிரம்பத் தொடங்கிவிட்டது. உட்காராதே! இந்த நேரத்தில் மட்டும் உட்கார்ந்துவிடாதே!

"வசதி இல்லை, பயிற்சி இல்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை" என்கிறாயா? அதற்கும் இதே மண்ணில் பதில் இருக்கிறது. மணாலிப் பையன் சிவ கேசவன் தேர்ந்தெடுத்த விளையாட்டு லூஜ். பனிக்கட்டிப் பாதையில் மல்லாந்து படுத்தபடி சறுக்குப் பலகையில் பாய்ந்து இறங்குவது. அதற்கான ஓடுபாதை இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. அவர் பலகைக்குச் சக்கரம் மாட்டினார். மலைச்சாலையில் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே படுத்துக்கொண்டே பாய்ந்து பழகினார். 1998இல் 16 வயதில் நாகானோ ஒலிம்பிக்கில் இறங்கியவர், 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகப் பாய்ந்தார். இடையில் 2011இல் ஆசியக் கோப்பைத் தங்கமும் வென்றார். பாதை இல்லையென்றால் சக்கரம் மாட்டு! இதைவிட வேறென்ன சொல்ல?

பல்சான் கிராமத்துப் பெண் டிக்கி டோல்மா, 1993 மே 10 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது வயது 19. அதுவரை அத்தனை சிறிய வயதில் எந்தப் பெண்ணும் அங்கே போனதில்லை. புருவா கிராமத்து ஆஞ்சல் தாகூர் 2018 ஜனவரியில் துருக்கியில் பனிச்சறுக்கில் வெண்கலம் வாங்கினார். சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அது. இரண்டு ஊரும் நீ பறந்து இறங்குகிற சோலாங்குக்குக் கூப்பிடு தூரம். அவர்களுக்கு எது பழக்கமோ அது உனக்கு வேடிக்கை என்று விட்டுவிடாதே. மணாலியிலேயே 1961 முதல் மலையேற்றப் பயிற்சி நிலையம் ஒன்று நடக்கிறது, இன்று அதற்கு அடல் பிகாரி வாஜ்பாயி பெயர். கயிறு கட்டுவது, பாறை ஏறுவது, பனியில் விழுந்தால் கோடரியை ஊன்றித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது எல்லாவற்றையும் முறையாகக் கற்றுத் தருகிறார்கள். தென்கோடியில் பிறந்தவன் சேரக்கூடாது என்று அங்கே எந்தப் பலகையும் இல்லை.

மலையையே துளைத்தவர்களையும் பார்த்துவிட்டு வா. ரோஹ்தாங் கணவாய் 3,978 மீட்டர் உயரம். முன்பெல்லாம் பனி விழுந்தால் அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌல் மக்கள் ஏறத்தாழ ஆறு மாதம் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடப்பார்கள். அடியில் சுரங்கம் குடைந்தார்கள். சேரி நாலா என்ற இடத்தில் மலைக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டி, சில நூறு மீட்டரைக் கடக்கவே ஆண்டுக்கணக்கில் ஆனது. விடவில்லை. 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3 அன்று திறந்தது. இந்தப் பக்கம் பச்சைக் காடு, அந்தப் பக்கம் வறண்ட பொன்னிற மலை. காரில் பத்துப் பதினைந்து நிமிடம்தான்!

நான் உன்னை முரட்டுத்தனத்துக்குத் தூண்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பைலட்டிடம் உரிமத்தைக் காட்டச் சொல். தலைக்கவசம் இல்லை என்றால் பறக்காதே. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் இமாச்சலில் பாராகிளைடிங்குக்குத் தடை. அந்த நேரத்தில் "நான் கூட்டிப் போறேன்" என்று ஒருவர் ரகசியமாகக் கூப்பிட்டால் அவர் உன் உயிரைப் பேரம் பேசுகிறார். ரோஹ்தாங் உயரத்துக்குப் போகும் முன் மணாலியில் ஓரிரு நாள் தங்கி உடம்பைப் பழக்கு. தலைவலியும் குமட்டலும் வந்தால் வீம்பு பண்ணாமல் கீழே இறங்கு. பியாஸ் ஆற்றில் படம் எடுக்கப் பாறைமேல் இறங்காதே. மேலே அணையோ மழையோ எப்போது தண்ணீரை அனுப்பும் என்று யாருக்கும் தெரியாது. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கத் தெரிந்தவன்தான் மறுபடி ஏறுவான்.

இதை வாசிக்கிற அம்மா, உங்களிடமும் ஒரு வார்த்தை. முப்பது வருடமாகப் பை பார்த்துக்கொண்டது நீங்கள்தான். பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போனபோதும், அவர் அலுவலக நண்பர்களோடு போனபோதும் வீட்டுச் சாவி உங்கள் இடுப்பில்தான் இருந்தது. சோலாங்கில் ஐம்பது வயது தாண்டிய பெண்கள் புடவைக்கு மேலே பட்டை கட்டிக்கொண்டு பறப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறங்கியதும் அவர்கள் சிரித்த சிரிப்பை அவர்கள் வீட்டுக்காரர்களே முன்பு கேட்டிருக்க மாட்டார்கள். முழங்கால் வலியோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் வேறு யாரையும் கேட்காதீர்கள். ஓட முடியாவிட்டால் ரோப்வே இருக்கிறது, மேலே போங்கள். சூடாக நெய் ஊற்றி ஒரு சித்து வாங்கிச் சாப்பிடுங்கள், கோதுமை மாவைப் புளிக்கவைத்து உள்ளே வால்நட் வைத்து ஆவியில் வேகவைப்பது. கீழே புல்தரையில் உட்காருவது மட்டும் வேண்டாம்.

தம்பி, தங்கச்சி, கேட்டது போதும், எழுந்திரு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் டெல்லிக்குப் போகிறது. அங்கே காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் சாயங்காலம் மணாலி பஸ் ஏறினால் மறுநாள் காலையில் தேவதாரு வாசனையில் கண் விழிப்பாய். மே, ஜூன் கிடைக்கவில்லையென்றால் அக்டோபரில் போ, குலு தசராவையும் பார்க்கலாம். கம்பளி உடை இரண்டு, பிடிமானமுள்ள ஷூ ஒன்று, அடையாள அட்டை. மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும். ரயில்வே செயலியைத் திற. பயணிகள் பட்டியலில் முதல் வரியில் உன் பெயரைப் போடு. இரண்டாவது வரியில் அம்மாவின் பெயரையும் வயதையும் போடு. பணம் கட்டிய பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.